வீடு பாதி, வண்டி பாதி: பழைய கேரவனின் விலையைக் கணக்கிடும் முறை

கேரளத்தார் துலாவர்ஷம் என்றழைக்கும் ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு முற்பகலில், திருவனந்தபுரத்திலுள்ள எங்கள் கிளைக்கு ஒரு தம்பதியர் வந்தனர். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்து இந்நகரில் நெடுங்காலமாக வாழ்பவர்கள்; கிளையின் பழைய வாடிக்கையாளர்கள். 2021இல் ஒரு வேனை வாங்கி, முறையான ஒப்புதலுடன் அதனைக் கேரவனாக மாற்றியமைத்து, பொன்முடி முதல் வால்பாறை வரை குடும்பத்துடன் சுற்றி வந்தவர்கள். இப்போது மகளின் மேற்படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. வண்டியை விற்றுக் கடனை முடித்துவிட்டால் மீதித்தொகை எவ்வளவு கையில் நிற்கும் என்பதே அவர்கள் கொண்டுவந்த கேள்வி.

“வண்டிக்கும் உள்வேலைக்கும் வரிக்குமாக 36 லட்சம் செலவாகியிருக்கிறது, சார். மூன்றில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 24 லட்சம் கிடைக்காதா?” என்றார் கணவர். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரியின் கட்டணத் தாளை மட்டும் மேசைமீது எடுத்து வைத்தார்.

இக்கேள்விக்கு நாங்கள் கண்ட விடையையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறோம். அத்தம்பதியரின் அடையாளம் தெரியாதவாறு விவரங்களை மாற்றியும் தொகைகளை முழுமைப்படுத்தியும் தந்துள்ளோம். கணக்கின் முறையில் மாற்றம் இல்லை.

கேரவன் நம் நாட்டுக்கு வந்த வழி

தமிழர்களுக்குக் கேரவன் என்றவுடன் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் ஓய்வு வண்டியே நினைவுக்கு வரும். பயணத்துக்கான கேரவனின் வரலாறு அதனினும் பழையது. 1885இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் எழுத்தாளருக்காக ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீடு கட்டப்பட்டது. உல்லாசப் பயணத்துக்கென்றே உருவான கேரவன்களின் முன்னோடியாக இதனைக் குறிப்பிடுவர். அங்கு இன்று பெருமளவில் விற்பனையாவது காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் இழுவைக் கேரவன். அதற்கு எஞ்சின் இல்லை. எனவே அதன் விலை பெரும்பாலும் ‘வீட்டின்’ விலையே. பழைய கேரவன்களுக்கென விலைக் கையேடும், 1992 முதல் தனிப்பதிவேடும் அங்கு உள்ளன.

நம் நாட்டில் இழுவைக் கேரவன் அரிது. வேன் அல்லது பேருந்தின் அடிச்சட்டத்தின்மேல் அமைந்த மோட்டார் கேரவனே இங்கு வழக்கம். கேரள அரசு 2021இல் ‘கேரவன் கேரளா’ என்னும் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தபோது இவ்வண்டிகள் பரவலான கவனம் பெற்றன. முதல் 100 கேரவன்களுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அது மானியமாக அறிவிக்கப்பட்டது. அடுத்தடுத்த நூறுகளுக்கு மானியம் படிப்படியாகக் குறைந்தது. கேரவன் பூங்காவுக்குக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டிகள் நிற்கும் இடமும் வேண்டும் என வகுக்கப்பட்டது. 2022இல் வாகமண்ணில் முதல் பூங்கா திறக்கப்பட்டது.

ஆயினும் கார்களோடு ஒப்பிட்டால் கேரவன்களின் எண்ணிக்கை இன்றும் மிகச் சொற்பம். பழைய காருக்கு அரை மணி நேரத்தில் பத்து விலைகளைக் கேட்டறியலாம். பழைய கேரவனுக்கு அவ்வாறு கேட்டறியச் சந்தை இல்லை. ஆகவே விலையை நாமே கட்டியெழுப்ப வேண்டியுள்ளது.

ஒரு பொருள் அன்று, மூன்று பொருள்கள்

கேரவனை ஒரே பொருளாக எண்ணுவதே பிழையான கணக்கின் தொடக்கம். அதனுள் ஒரு வண்டி இருக்கிறது; ஒரு வீடு இருக்கிறது; அவ்விரண்டையும் பயன்படுத்தும் உரிமையைத் தரும் ஆவணங்கள் இருக்கின்றன. இம்மூன்றும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை.

இதற்கு நல்ல சான்று மூணாறில் உண்டு. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2020இல் தன் பழைய பேருந்துகளுள் சிலவற்றைப் படுக்கை அறைகளாக மாற்றி, ஓரிரவுக்கு நூறு ரூபாய் என்ற அளவில் பயணிகளுக்கு வாடகைக்கு அளிக்கத் தொடங்கியது. சாலையில் ஓடி ஈட்டும் காலம் முடிந்த வண்டி, நின்ற இடத்திலேயே வீடாக ஈட்டியது. இதற்கு மாறாக, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, உள்ளே ஒட்டுப்பலகை உளுத்துப்போன கேரவன்களும் உண்டு. எனவே மூன்றையும் தனித்தனியே மதிப்பிட்டு, பின்னர் கூட்ட வேண்டும்.

முதற்படி: வண்டியின் மதிப்பு

காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணை தொடக்கப் புள்ளியாகப் பயன்படும். உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு எனக் கழிவு வளரும். ஐந்தாண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வர்.

நம் வாடிக்கையாளரின் வேன் வாங்கிய விலை 18 லட்சம். வயது நான்கரை ஆண்டு. அட்டவணைப்படி மதிப்பு 9 லட்சம். இது காப்பீட்டுக்கான அளவுகோல் மட்டுமே. சந்தை இதனினும் கூடலாம், குறையலாம். ஆகவே அதே ஆண்டு, அதே வகை, உள்வேலை ஏதும் செய்யப்படாத மூன்று சாதாரண வேன்களுக்குக் கேட்கப்படும் விலையை அவரையே விசாரித்து வரச் சொன்னோம். பத்தரை முதல் பதினொன்றரை லட்சம் வரை கேட்டார்கள். கேட்கும் விலை வேறு, முடியும் விலை வேறு. 38,000 கிலோமீட்டரே ஓடிய வண்டி என்பதையும் கருதி, 10 லட்சம் எனக் கொண்டோம்.

இரண்டாம் படி: வீட்டின் மதிப்பு

உள்வேலைக்கு அவர் செலவிட்டது 14 லட்சம். இதனை மொத்தமாகத் தேய்மானம் செய்தல் பொருந்தாது. தச்சு வேலைக்கு ஓர் ஆயுள். மின்கலத்துக்கு வேறோர் ஆயுள். ஆகவே பிரித்து எழுதினோம்:

தச்சு வேலை, வெப்பத்தடுப்பு, மின்கம்பி இணைப்பு: செலவு 6 லட்சம், இன்றைய மதிப்பு 2.10 லட்சம்.
குளிரூட்டி, குளிர்பதனப் பெட்டி: செலவு 2.50 லட்சம், மதிப்பு 1 லட்சம்.
மின்கலம், இன்வெர்ட்டர், சூரிய மின்தகடு: செலவு 2.20 லட்சம், மதிப்பு 55,000.
கழிப்பறை, தண்ணீர்த் தொட்டிகள், பம்பு, சமையல் மேடை: செலவு 2 லட்சம், மதிப்பு 80,000.
மெத்தை, திரை, தொலைக்காட்சி, வெளிப்பந்தல்: செலவு 1.30 லட்சம், மதிப்பு 20,000.

ஆக, 14 லட்சத்தின் இன்றைய மதிப்பு 4.65 லட்சம். வண்டியின் 10 லட்சத்தையும் சேர்த்தால் 14.65 லட்சம்.

இவ்விடத்தில் கணவரின் முகம் வாடியது. “மெத்தையை நானே பார்த்துப் பார்த்துத் தைக்கக் கொடுத்தேன், சார். இருபதாயிரத்துக்குள்ளா போய்விட்டது?” என்று மனைவி கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. ஆனால் நம் விருப்பத்துக்காக நாம் செய்த செலவுக்கு, வேறொரு விருப்பம் உடையவர் விலை தருவதில்லை. அந்தச் செலவின் பயனை நான்கரை ஆண்டுகள் நாமே அனுபவித்துவிட்டோம். விற்கும்போது நாம் செலவிட்ட பணம் விலையாவதில்லை. வாங்குபவர் இனிச் செலவிட வேண்டிய பணமே விலையை நிர்ணயிக்கிறது.

மூன்றாம் படி: பல்லைப் பிடித்துப் பார்த்தல்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பர். விலைக்கு வாங்கும் மாட்டைப் பார்க்காமல் ஓட்டிவருவதும் பேதைமையே. கேரவனின் பல், அதன் ஈரம்.

திருவனந்தபுரம் இரு பருவமழைகளையும் பெறும் ஊர். சூன் மாதத்தில் தென்மேற்கு, ஐப்பசியில் வடகிழக்கு. கோவளம், வர்க்கலை போன்ற கடற்கரைகளில் நின்ற வண்டிக்கு உப்புக்காற்றும் சேரும். கூரையில் பொருத்திய காற்றுத் துளை, சன்னல் விளிம்பு, சூரியத் தகட்டின் திருகுகள் ஆகியவற்றின் வழியே கசியும் நீர் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுப்பலகைக்குள் இறங்கும். பார்ப்பவர் மழை பெய்த மறுநாள் சென்று பார்ப்பது நன்று. கதவை அடைத்துக்கொண்டு சில நிமிடம் உள்ளே அமர்ந்தால் பூஞ்சை நாற்றம் தானே சொல்லிவிடும். கழிப்பறையை ஒட்டிய தரையையும் கூரையின் நான்கு மூலைகளையும் பெருவிரலால் அழுத்த வேண்டும்; மெத்தென்று உள்வாங்கினால் பலகை உளுத்துவிட்டது. இங்கிலாந்தில் ஈரமானி கொண்டு சுவர்தோறும் அளந்து பார்ப்பது வழக்கம். அக்கருவி இங்கும் விலைக்குக் கிடைக்கிறது.

ஏனைய சோதனைகளையும் சுருங்கக் கூறுவோம். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களுள் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2321 எனில் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கேரவன்கள் ஓடுவதைவிட நிற்பதே மிகுதி. ஆகவே பொத்தான் தேயாமலேயே டயர் முதுமையடைந்துவிடும். மின்கலத்தின் உண்மை நிலையை அறியக் குளிர்பதனப் பெட்டியை ஓரிரவு முழுதும் அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, வண்டியை எடைமேடையில் ஏற்றி, ஆர்.சி.யில் குறித்த மொத்த எடைக்குள் அடங்குகிறதா எனக் காண வேண்டும். பொன்முடியின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, அளவுக்கு மிஞ்சிய எடையின் பொருள் பிரேக்குக்குத் தெரியும்.

நம் வாடிக்கையாளரின் வண்டியில் கூரைக் கசிவும் அதன்கீழ் உளுத்த பலகையும் இருந்தன. பழுது நீக்க 90,000, டயர்களுக்கு 60,000, காப்பீட்டைப் புதுப்பித்தலும் உரிமை மாற்றச் செலவுகளும் 55,000, பொதுப் பராமரிப்பு 20,000. மொத்தம் 2.25 லட்சம். 14.65இல் இதனைக் கழித்தால் மிஞ்சுவது 12.40 லட்சம்.

நான்காம் படி: ஆவணத்தின் மதிப்பு

நல்ல வண்டியும் நல்ல வீடும் இருந்தும், தாள் சரியில்லையெனில் விலை சரியும். முதலாவது, கேரவனாக மாற்றியமைத்தது ஆர்.சி.யில் பதிவாகியிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்களுக்கு முரணான மாற்றங்களைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019இல் இதனை உறுதிப்படுத்தியது. மோட்டார் கேரவனுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரவிதியும் உண்டு. பதிவாகாத மாற்றம் உள்ள வண்டியில், இழப்பீடு கோரும் நாளில் சிக்கல் எழக்கூடும். அத்தகைய வண்டியில் உள்வேலையின் மதிப்பைச் சுழியமாகக் கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது, வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கா, வாடகைக்கா என்பது. வாடகை வண்டிக்கு எட்டாண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும். ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலும் வரி வேறுபாடும் தேவைப்படும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருப்பதாயின் அங்கு மறுபதிவு செய்தாக வேண்டும். களியக்காவிளை எல்லையைக் கடந்து நாகர்கோவிலுக்கு வண்டி போகிறதெனில் இச்செலவையும் வாங்குபவர் விலையில் கழிப்பார்.

மூன்றாவது, மானியம். அரசு மானியம் பெற்ற வண்டியாயின் அதன் அனுமதி ஆணையை முழுதும் படித்து, விற்பனை பற்றிய நிபந்தனை உண்டா எனப் பார்க்க வேண்டும். மானியமாக வந்த தொகையைத் தம் முதலீடாகக் கணக்கிட்டு விலை கேட்பதும் பொருந்தாது.

நான்காவது, வரி. சரக்கு மற்றும் சேவை வரி மன்றத்தின் 55ஆவது கூட்டம் 2024 டிசம்பரில் எடுத்த முடிவின்படி, பதிவு பெற்ற வணிகர் பழைய வாகனத்தை விற்கும்போது இலாப வேறுபாட்டின்மீது 18 விழுக்காடு வரி உண்டு. தேய்மானம் கோரியிருந்தால், தேய்மானம் போக உள்ள மதிப்புக்கு மேற்பட்ட தொகைக்கே வரி. பதிவு பெறாத தனிநபர் தம் சொந்த வண்டியை விற்பதற்கு இவ்வரி இல்லை.

வாடகைக்கு வாங்குபவரின் கணக்கு

12.40 லட்சம் என்பது குடும்பத்துக்காக வாங்குபவரின் கணக்கு. தொழிலுக்காக வாங்குபவர் வேறு கோணத்தில் பார்ப்பார்: இவ்வண்டி இனி எவ்வளவு ஈட்டும்?

ஆண்டில் 100 நாட்கள், நாளொன்றுக்கு 8,000 வாடகை எனக் கொண்டால் வருவாய் 8 லட்சம். ஓட்டுநர், எரிபொருள், நிறுத்துமிடம், காப்பீடு, பழுது என 5.20 லட்சம் போக எஞ்சுவது 2.80 லட்சம். ஐந்தாண்டு வருவாயை 12 விழுக்காட்டு வட்டியில் இன்றைய மதிப்புக்கு மாற்றினால் ஏறத்தாழ 10.09 லட்சம். ஐந்தாண்டு முடிவில் வண்டி 4 லட்சத்துக்கு விற்கும் எனில் அதன் இன்றைய மதிப்பு 2.27 லட்சம். கூட்டினால் 12.36 லட்சம், உடனடிப் பழுதுச் செலவு 2.25 லட்சத்தைக் கழித்தால் ஏறத்தாழ 10.1 லட்சம். இதற்கு மேல் கொடுத்தால் அவருடைய தொழில் அவருக்குக் கூலி தராது.

ஓய்வூதியப் பணத்தைக் கேரவன் தொழிலில் இட எண்ணும் வாடிக்கையாளர்கள் இப்பத்தியை இருமுறை படிக்க வேண்டுகிறோம். நாட்களின் எண்ணிக்கை 100இலிருந்து 65ஆகக் குறைந்தால் வருவாயே 5.20 லட்சமாகிவிடும். சுற்றுலாப் பயணி வராத நாளிலும் காப்பீட்டுக்கும் நிறுத்துமிடத்துக்கும் பணம் கட்டியாக வேண்டும்.

காத்திருப்பதன் விலை

ஆக, நம் வாடிக்கையாளரின் கேரவனுக்குக் கீழ்வரம்பு 10.1 லட்சம், மேல்வரம்பு 12.40 லட்சம். அவர் எதிர்பார்த்த 24 லட்சத்தில் ஏறத்தாழப் பாதி. கடன் நிலுவையோ 9.20 லட்சம்.

“இன்னும் ஆறு மாதம் காத்திருந்து பார்க்கலாமா?” என்றார். காத்திருப்பதற்கும் விலை உண்டு, அதனையும் எழுதினோம். கடனுக்கு 10 விழுக்காடு வட்டி, மாதம் ஏறத்தாழ 7,700. நிறுத்துமிட வாடகை 3,000. காப்பீட்டின் மாதப் பங்கு 3,500. மாதந்தோறும் குறையும் வண்டியின் மதிப்பு 10,000 எனக் கொண்டால் மொத்தம் 24,200. ஆறு மாதத்தில் 1.45 லட்சம் கரைந்துபோகும்.

அவர் பழுதுகளை மறைக்காமல் பட்டியலிட்டு, கணக்கையும் உடன் வைத்து விளம்பரம் செய்தார். மூன்றாம் வாரத்தில் ஒரு குடும்பத்தினர் 11.80 லட்சம் தர முன்வந்தனர். 12.40க்காக மேலும் காத்திருக்கலாம்தான். ஆனால் வேறுபாடான 60,000 ரூபாயை இரண்டரை மாதக் காத்திருப்பே விழுங்கிவிடும். அவர் சம்மதித்தார்.

கடனை முடித்ததும் 35ஆம் படிவம் வழங்கி, ஹைப்பாத்திகேஷன் எனப்படும் கடன் ஈட்டுக் குறிப்பை நீக்க உதவினோம். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களையும் உடனே அளிக்கச் செய்தோம். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் விற்பவர் தெரிவித்தாக வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவுபடுத்தியுள்ளது. பணம் வாங்கிக்கொண்டு பெயரை மாற்றாமல் விடுவது, வண்டியை விற்றுவிட்டு அதன் வினையை வீட்டில் வைத்திருப்பது போன்றது.

வாங்குவோருக்கும் ஒரு சொல். பழைய வாகனக் கடனில், மதிப்பீட்டாளர் கூறும் தொகை, விற்பனை விலை ஆகிய இரண்டில் குறைந்ததையே வங்கிகள் அடிப்படையாகக் கொள்ளும். அதிக விலைக்குப் பேசி முடித்துவிட்டால், கூடுதல் தொகை முழுதும் கைப்பணமாகத் தர நேரும். ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னரே ஆர்.சி. நகலுடன் கிளையை அணுகுங்கள்.

அத்தம்பதியரின் கையில் நின்றது 2.60 லட்சம். முதலாண்டுக் கட்டணத்துக்குப் போதுமானதாயிற்று. எஞ்சிய ஆண்டுகளுக்குக் கல்விக் கடன் விண்ணப்பத்தை அன்றே நிரப்பினர். 24 லட்சம் வரும் என நம்பிக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று கணவர் கேட்டார். மனைவி, “அதனால்தானே முதலில் இங்கே வந்தோம்” என்று கூறிக் கட்டணத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.